299 ரூபாய் பேக்கும் 84 நாள் கணக்கும்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு மொபைல் நம்பர்கள். எனக்கும் கணவருக்கும் கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் மகனுக்கும் ஒரே கம்பெனி. மாமியாரின் பட்டன் போனுக்கு வேறு கம்பெனி. எங்கள் மூவருக்கும் 28 நாளுக்கு 239 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தோம், அது 299 ஆகிவிட்டது. மாமியாருக்கு 179 போட்டது 199 ஆனது. போகட்டும், 249-க்கு இறங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அந்த பேக்கையே ஆப்பில் காணோம். மகனுக்கு அன்லிமிடெட் 5ஜி வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றுவிட்டது. ரீசார்ஜ் கடைத் தம்பியைக் கேட்டால் "சிஸ்டத்துல வர்றதுதாங்க்கா" என்கிறார். வீட்டில் ஃபைபர் வைஃபைக்கு வேறு மாதாமாதம் கட்டுகிறோம். இவர்கள் இஷ்டத்துக்கு விலையை ஏற்றலாமா? ட்ராயில் புகார் செய்தால் நடவடிக்கை இருக்குமா? பேசாமல் நால்வரும் பிஎஸ்என்எல்லுக்குப் போய்விடலாமா?
– ஒரு குடும்பத்தலைவி, பெரியகுளம்

பதில்: விலையை ஏற்றலாம், சட்டத்தில் தடை இல்லை. விலை ஏறியதற்காக மட்டும் புகார் கொடுத்தால் எடுபடாது. நால்வரும் ஒரே மூச்சில் பிஎஸ்என்எல்லுக்குப் போவது இப்போதைக்கு வேண்டாம். ஆனால் கம்பெனி மாறாமலே வருடத்துக்கு 2,700 ரூபாய் போல உங்களால் மிச்சம் பிடிக்க முடியும், மகனுக்கு 5ஜியும் திரும்ப வந்துவிடும். அந்தக் கணக்கை விரிவாகவே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் விலை விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ரோமிங் போன்ற சிலவற்றைத் தவிர, மொபைல் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் நிர்ணயிப்பதில்லை. கம்பெனியே விலை வைத்துக்கொள்ளலாம். புதிய கட்டணத்தை அறிமுகம் செய்த ஏழு வேலை நாட்களுக்குள் ட்ராயிடம் தாக்கல் செய்தால் போதும், முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது டேட்டா விலை தரைதட்டியது இந்தச் சுதந்திரத்தால்தான். 2019 டிசம்பரிலும், 2021 நவம்பர்–டிசம்பரிலும், 2024 ஜூலையிலும் ஏறியதும் அதே சுதந்திரத்தால்தான். கடைசி முறை ஜியோவும் ஏர்டெல்லும் ஜூலை 3 அன்றும் வோடஃபோன் ஐடியா மறுநாளும் ஏற்றின. நீங்கள் சொல்லும் 239-லிருந்து 299, 179-லிருந்து 199 இரண்டும் அந்தச் சுற்றில் வந்தவை.

இன்னொரு சுற்றும் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக எவ்வளவு வருமானம் வருகிறது என்பதைத் தொலைத்தொடர்புக் கம்பெனிகள் 'ஆர்பு' என்று காலாண்டு அறிக்கையில் காட்டும். அது 300 ரூபாயைத் தொட வேண்டும் என்று ஏர்டெல் நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லிவந்திருக்கிறது.

உங்களை அதிகம் எரிச்சல்படுத்தியிருப்பது 60 ரூபாய் ஏறியதைவிட 249 காணாமல் போனதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அந்த எரிச்சல் நியாயமானது. விலை ஏற்றம் என்றால் பேப்பரில் வரும், டிவியில் வரும். பேக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சத்தமே இருக்காது. தினம் 1 ஜிபி தரும் 249 ரூபாய் பேக்கை 2025 ஆகஸ்டில் ஜியோவும் ஏர்டெல்லும் ஒரே வாரத்தில் தங்கள் ஆன்லைன் பட்டியலிலிருந்து எடுத்தன. 249 போட்டுக்கொண்டிருந்தவர் 299-க்கு ஏறியே ஆக வேண்டும். கணக்குப் பார்த்தால் அது 20 சதவீத ஏற்றம், ஆனால் விலை ஏற்றம் என்ற பெயரில் எங்கும் வராது. டேட்டா தீர்ந்தால் போட்டுக்கொள்ளும் 19 ரூபாய் பூஸ்டரும் இதே கதைதான். முன்பு அந்த 1 ஜிபி உங்கள் மெயின் பேக் முடியும்வரை நிற்கும். இப்போது ஒரே நாள்தான்.

இவற்றையும் தடுக்க வழியில்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட பேக்கில் கம்பெனி கைவைக்கக் கூடாது. வேலிடிட்டி முடியும்வரை, ரீசார்ஜ் செய்த அன்று சொன்ன டேட்டா, கால், எஸ்எம்எஸ் எல்லாம் குறையாமல் வர வேண்டும். நீண்ட வேலிடிட்டி பேக் போடுவதில் உள்ள பெரிய லாபம் இதுதான், தள்ளுபடி எல்லாம் அப்புறம். நடுவில் விலை ஏறினாலும் உங்கள் தேதிவரை பழைய விலைதான்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. நீங்கள் சொன்ன விலைகளை வைத்து, உங்கள் மூவருக்கும் ஜியோ, மாமியாருக்கு ஏர்டெல் என்று எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் விலைகள் 2024 ஜூலைக்குப் பிறகும் 2025-லும் கம்பெனிகள் வைத்தவை. பணம் கட்டும் நாளில் ஆப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விலை மாறியிருந்தாலும் கணக்குப் போடும் முறை இதேதான்: பேக் விலையை வேலிடிட்டி நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆப் உங்களுக்கு இந்த எண்ணைக் காட்டாது.

28 நாள் பேக்கை மாதப் பேக் என்று நினைத்துவிடுகிறோம். வருடத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை போட வேண்டியிருக்கும். 299-ஐ 13 தடவை போட்டால் 3,887 ரூபாய். ஒரு நாளைக்கு 10 ரூபாய் 68 காசு. உங்கள் மூவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 11,661. மாமியாரின் 199 பதின்மூன்று தடவைக்கு 2,587. மொத்தம் 14,248 ரூபாய் கட்டுகிறீர்கள்.

இந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜைப் பற்றிப் புகார்கள் குவிந்த பிறகுதான், 2022 ஜனவரியில் ட்ராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஜியோவில் அப்படி 319 ரூபாய் பேக் இருக்கிறது: 5-ம் தேதி போட்டால் அடுத்த மாதம் 5-ம் தேதி, அதே தினசரி 1.5 ஜிபி. 12 தடவைக்கு 3,828 ஆகிறது. 59 ரூபாய்தான் மிச்சம். சம்பளத் தேதியோடு ஒத்துப்போகும் என்பதைத் தவிர அதில் பெரிய லாபம் இல்லை.

84 நாள் பேக்கில்தான் வித்தியாசம் தெரியும். அதே 1.5 ஜிபி, 84 நாளுக்கு 799 ரூபாய். நாளைக்கு 9 ரூபாய் 51 காசு, வருடத்துக்கு 3,472. கணவர் வெளியில் போய்வருபவர், தினசரி டேட்டா அவருக்குத் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டு அவருக்கு இதைச் சொல்கிறேன்.

மகன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 5ஜி வந்த புதிதில் கம்பெனிகள் அதை அறிமுகச் சலுகையாகத்தான் கொடுத்தன. உங்கள் பேக்கில் எழுதியிருந்த பயன் அல்ல என்பதால் நிறுத்தியதைக் கேள்வி கேட்கவும் முடியாது. 2024 ஜூலை முதல் ஜியோ, ஏர்டெல் இரண்டிலுமே தினசரி 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்குத்தான் அன்லிமிடெட் 5ஜி. 299 பேக் 1.5 ஜிபி என்பதால் மகனுக்கு நின்றது. இதற்கு ஜியோ 51, 101, 151 ரூபாய்க்கு 5ஜி அப்கிரேட் வவுச்சர் வைத்திருக்கிறது. பார்க்கச் சின்னத் தொகை. 299-உடன் 51 சேர்த்தால் 350 ஆகிவிடும். தினசரி 2 ஜிபியும் 5ஜியும் உள்ள 28 நாள் பேக்கே 349 ரூபாய்தான். 84 நாளுக்கு 799-உடன் 151 போட்டால் 950. 2 ஜிபி, 5ஜியோடு கூடிய 84 நாள் பேக் 859! வவுச்சர், நடுவில் அவசரத்துக்கு ஆகும். ரீசார்ஜ் தேதி வந்துவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அந்த 859 பேக்கை நாள் கணக்கில் பாருங்கள்: 10 ரூபாய் 23 காசு. நீங்கள் இப்போது மகனுக்குப் போடும் 299-ஐவிட நாளொன்றுக்கு 45 காசு குறைவு, அதில் டேட்டா அதிகம், 5ஜியும் உண்டு. வருடத்துக்கு 3,733. 365 நாளுக்கு 3,599 என்று ஒரு பேக் இருக்கிறது, தினசரி 2.5 ஜிபி, 5ஜியும் உண்டு. கையில் பணம் இருந்தால் அதையும் யோசிக்கலாம். 84 நாள் பேக்கைவிட 134 ரூபாய்தான் குறைவு, ஆனால் ஒரு வருடத்துக்கு விலை ஏற்றத்தைப் பற்றிக் கவலையில்லை. ஒரு எச்சரிக்கை. நீண்ட பேக் போட்டபின் கம்பெனி மாறினால் மிச்ச நாட்களுக்குப் பணம் திரும்பாது. மகனின் ஹாஸ்டல் அறைக்குள்ளே சிக்னல் நன்றாக வருகிறதா, செமஸ்டர் முடிந்து வேறு ஊருக்கு இன்டர்ன்ஷிப் போகப்போகிறாரா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

உங்களுக்கு 299 தேவையே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் ஃபைபர் இருக்கிறது, நாள் முழுக்க போன் வைஃபையில்தான் இருக்கும். தினம் தரும் 1.5 ஜிபியில் பயன்படுத்தாதது நள்ளிரவோடு போய்விடும், மறுநாளுக்குச் சேராது. போனில் செட்டிங்ஸ் போய் நெட்வொர்க் பகுதியில் டேட்டா யூசேஜைத் திறங்கள். வைஃபை தனியாகவும் மொபைல் டேட்டா தனியாகவும் காட்டும். மொபைல் டேட்டா என்ற வரியை மட்டும் பாருங்கள். கடந்த 28 நாளில் மொத்தம் 2 ஜிபிக்குள் இருந்தால், 28 நாளுக்கு 2 ஜிபியும் அன்லிமிடெட் காலும் தரும் 189 பேக் உங்களுக்குப் போதும். 13 தடவைக்கு 2,457 ரூபாய். 1,430 ரூபாய் மிச்சம். இந்த பேக் ஆப்பின் முதல் திரையில் வராது. பட்டியலில் கீழே, 'வேல்யூ', 'அஃபோர்டபிள்' என்ற மாதிரித் தலைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டும். 'பாப்புலர்' என்று மேலே காட்டுவது கம்பெனி விற்க நினைப்பதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

189-க்கு இறங்குபவர்கள் முதல் மாதத்திலேயே "ரெண்டே நாளில் டேட்டா தீர்ந்துவிட்டது" என்று திரும்ப 299-க்கு ஓடிவிடுவார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்கள் அல்ல, போன்தான். வைஃபை கொஞ்சம் தடுமாறினால் தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. கரண்ட் போய் மோடம் அணைந்த அரை மணி நேரத்தில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியாமலே கால் ஜிபி, அரை ஜிபி போய்விடும். வைஃபை செட்டிங்ஸில் அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது மொபைல் டேட்டா பட்டனையே ஆஃப் செய்துவைப்பது இன்னும் நல்லது, கால் வருவதற்கு அதனால் தடையில்லை. டேட்டா யூசேஜ் பக்கத்தில் வார்னிங் 1.5 ஜிபி, லிமிட் 1.9 ஜிபி என்று வைத்து, சுழற்சியின் முதல் நாளாக உங்கள் ரீசார்ஜ் தேதியைக் கொடுங்கள். போனின் சுழற்சி காலண்டர் மாதம் என்பதால் ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் அந்தத் தேதியை மாற்ற வேண்டிவரும், அது ஒரு தொல்லைதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுக்குள் மொபைல் டேட்டாவில் படம், வீடியோ தானாக டவுன்லோட் ஆவதை நீக்கிவிடுங்கள். சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் வைஃபை வரும்வரை காத்திருக்கட்டும்.

மாமியாருக்கு வருவோம். பட்டன் போனில் டேட்டா எதற்கு என்று பல வீடுகளில் கேட்டுக்கொண்டே கட்டினார்கள். 2024 டிசம்பர் 23 அன்று ட்ராய் தன் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, காலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டும் என்றது. சிறப்பு வவுச்சர்களின் அதிகபட்ச வேலிடிட்டியையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. அது நடைமுறைக்கு வந்த விதம் சுவாரசியமானது. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 6 ஜிபியோடு 509 ரூபாய் பேக் இருந்தது. டேட்டாவை எடுத்துவிட்டு 499 என்று விலை வைத்தார்கள். பத்தே ரூபாய் குறைப்பு! இந்த பேக்குகளை ஆராயப்போவதாக ட்ராய் சொன்னதும் சில நாளில் 469 ஆக இறங்கியது. 365 நாள் பேக் 1,959-லிருந்து 1,849 ஆனது. ஜியோவிலும் இதேபோல் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748 என்று வந்து நின்றது.

அத்தைக்கு 199 போடுவதற்குப் பதில் 365 நாள் 1,849 போட்டால் வருடத்துக்கு 738 ரூபாய் மிச்சம். ஒரே தடவை அவ்வளவு பணம் போட யோசனையாக இருந்தால் 84 நாள் 469-ம் மோசமில்லை, வருடத்துக்கு 2,038 போல ஆகும். வயதானவர்களுக்கு நீண்ட பேக்கில் இன்னொரு நன்மையும் உண்டு. ரீசார்ஜ் மறந்துபோய் இன்கமிங் நிற்பதும், பென்ஷன் ஓடிபி வராமல் தவிப்பதும் இருக்காது. ஆனால் பேக்கைப் போடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பட்டன் போனை விட்டு ஸ்மார்ட்போனுக்கு மாறும் எண்ணம் அவருக்கு இந்த வருடம் உண்டா? பேரனோடு வீடியோ காலில் பேச வேண்டும் என்று இருந்தால் 365 நாள் பேக் வேண்டாம்.

ஆக அத்தைக்கு 1,849, உங்களுக்கு 2,457, கணவருக்கு 3,472, மகனுக்கு 3,733. மொத்தம் 11,511. 14,248-இல் கழித்தால் 2,737 ரூபாய்.

பணம் கட்டும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சில. சில பேமென்ட் ஆப்கள் ரீசார்ஜுக்கு ஒன்றிலிருந்து மூன்று ரூபாய் வரை கட்டணம் எடுக்கின்றன. பணம் அனுப்பும் திரையில் சின்ன எழுத்தில் இருக்கும். கம்பெனியின் சொந்த ஆப்பில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடைத் தம்பியிடம் போடுவதென்றால் தொகையை மட்டும் சொல்லாதீர்கள். "84 நாள், 2 ஜிபி, 859" என்று மூன்றையும் சொல்லுங்கள். தவறான பேக் போட்டுவிட்டால் பணம் திரும்ப வாங்குவது மிகக் கஷ்டம். பழைய பேக் முடிவதற்கு முன் புதியதைப் போட்டால் அது வரிசையில் நிற்குமா, உடனே ஆரம்பித்துவிடுமா என்பது கம்பெனிக்கும் பேக்குக்கும் தகுந்தபடி மாறும். வரிசையில் நிற்கும் என்றால் ஆப்பில் அடுத்த பேக்காகக் காட்டும். இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது ஒரு சமயத்தில் பெரிய உதவி. 2024-ல் ஜியோ ஜூன் 27-ம் தேதியும் ஏர்டெல் மறுநாளும் விலை ஏற்றத்தை அறிவித்தன, ஏறியது ஜூலை 3-ம் தேதி. நடுவில் கிடைத்த அந்த ஐந்தாறு நாளில் பழைய விலைக்கே அடுத்த பேக்கைப் போட்டு வரிசையில் வைத்தவர்கள் பல மாதம் தப்பித்தார்கள். அடுத்த முறையும் இப்படி இடைவெளி கிடைத்தால் விடாதீர்கள்.

பிஎஸ்என்எல் பற்றி. 2024 ஜூலையில் அவர்கள் விலையை ஏற்றவில்லை. அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின, தனியார் கம்பெனிகள் மூன்றும் இழந்தன. அதே வருட நவம்பரில் பிஎஸ்என்எல்லிலிருந்து மறுபடி ஆட்கள் கழன்றார்கள். விலைக்காக வந்தவர்கள் சிக்னலுக்காகத் திரும்பிப்போனார்கள். அதன்பின் நிலைமை தேறியிருக்கிறது, 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலான 4ஜி நாடு முழுவதற்கும் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வித்தியாசம் இருக்கிறது. மகனுக்கு நிச்சயமாக வேண்டாம். அவருக்கு வேண்டியது 5ஜி. உங்களுக்கோ கணவருக்கோ ஆசை இருந்தால், இப்போதைய நம்பரை அங்கே கொண்டுபோவதற்கு முன் பிஎஸ்என்எல்லில் தனியாக ஒரு புது சிம் வாங்கி இரண்டாவது சிம்மாக ஒரு மாதம் ஓட்டிப்பாருங்கள். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பது போதாது. உங்கள் வீட்டு அடுப்படியில், மாலை ஏழு மணிக்கு மேல் பாருங்கள். கூட்டம் அதிகமாகும் நேரத்தில் வேகம் எப்படி என்பதுதான் கணக்கு. போன் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, அதாவது பேண்ட் 28-ஐ எடுக்குமா என்று மாடல் விவரத்தில் பாருங்கள். எடுக்காத போனில் வீட்டுக்குள் 4ஜி சரியாக வராமல் போகலாம். பேசும்போது டேட்டா நின்றுவிட்டால் வோல்ட்இ, அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி, ஆன் ஆகவில்லை என்று பொருள், கஸ்டமர் கேரில் சொல்லி ஆக்டிவேட் செய்யச் சொல்லுங்கள்.

எந்தக் கம்பெனிக்கு மாறுவதென்றாலும் வழி ஒன்றுதான். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். 'போர்ட்' என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க நம்பரை எழுதி 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்து-எண்கள் கொண்ட குறியீடு ('போர்ட் கோடு') வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியின் கடைக்குப் போனால், மூன்று வேலை நாளில் மாறிவிடும். மாறும் நாள் சில மணி நேரம் சிக்னல் இருக்காது. மனம் மாறினால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு 'கேன்சல்' என்று ஆங்கிலத்தில் நம்பரோடு அனுப்பலாம். சிம் தொலைந்து டூப்ளிகேட் சிம் வாங்கியிருந்தால் ஏழு நாளுக்கு இந்தக் கோடு தரமாட்டார்கள். சிம் மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் வந்த விதி அது. பழைய சிம்மில் உள்ள பேலன்ஸ், மிச்ச வேலிடிட்டி எதுவும் கூட வராது. சிம் மாறியதும் யுபிஐ ஆப்கள் புதிதாகப் பதிவு செய்யச் சொல்லும், முதல் 24 மணி நேரம் அனுப்பும் வரம்பும் குறைவாக இருக்கும். காலேஜ் ஃபீஸ் கட்டும் வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகப் புகார். விலை ஏறியது, பேக்கை எடுத்துவிட்டார்கள், சலுகை 5ஜி நின்றது என்ற மூன்றுக்கும் புகார் நேர விரயம். சொன்ன வேலிடிட்டி குறைந்தது, பணம் போய் பேக் வரவில்லை, நீங்கள் கேட்காத காலர் டியூனுக்கும் கேமுக்கும் பேலன்ஸில் கழித்தார்கள், தகுதி இருந்தும் போர்ட் கோடு தரவில்லை என்றால் விடாதீர்கள். கேட்காத சேவையை நிறுத்த 155223-க்குக் கூப்பிடலாம். மற்றவற்றுக்கு 198. 121 பொதுத் தகவலுக்கானது, அங்கே சொன்னதைப் புகாராகப் பதியச் சொல்லி நீங்கள் கேட்டால் ஒழிய அது பேச்சோடு போய்விடும். 198-இல் டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், கேட்டு வாங்குங்கள், அது எஸ்எம்எஸ்ஸிலும் வரும். தீர்வு திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு டாக்கெட் நம்பரோடு எழுதுங்கள். செலவில்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

ட்ராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. அங்கே எழுதினால் கம்பெனிக்கே திருப்பி அனுப்புவார்கள். பலர் அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து 30 நாள் கெடுவைத் தவறவிடுகிறார்கள். ட்ராயின் உண்மையான உபயோகம் வேறு: கம்பெனிகள் தாக்கல் செய்த எல்லா பேக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுடைய டாரிஃப் போர்ட்டல் என்ற கட்டண இணையதளம் இருக்கிறது. ஆப்பில் ஒளிந்திருக்கும் பேக்கை அங்கே பிடிக்கலாம். மேல்முறையீட்டிலும் முடியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றம் எடுக்க முடியாது என்று கம்பெனிகள் நெடுநாள் வாதாடின. எடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ரீசார்ஜ் ஆனதும் வரும் எஸ்எம்எஸ்தான் உங்கள் ரசீது. பேக் விவரம் அதில் இருக்கும், அழித்துவிடாதீர்கள்.

இன்றைக்கே எல்லா நம்பரின் பேக்கையும் மாற்ற வேண்டியதில்லை. நான்கு பேக்கும் எந்தெந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு, முடியும் நாளுக்கு முந்தின நாள் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். உங்கள் 189-ஐ மட்டும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, டேட்டா போதவில்லையென்றால் கணவருடைய 799-க்கே போய்விடுங்கள். அப்படிப் போனாலும் 1,700 ரூபாய் கையில் நிற்கும்.